தேனீக் கூட்டம் புடிக்கப் போறீங்களா? மொதல்ல போன்ல கேக்க வேண்டியத கேளுங்க

காலைல பதினோரு மணிக்கு போன் வரும். "ஏனுங் தம்பி, தோட்டத்துச் சாளை முன்னால ஈ வந்து அப்பிக்கிச்சு, பசங்க வெளிய வர முடியல, வெருசா வாங்க"ன்னு. நீங்களும் பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு, பொட்டிய வண்டில கட்டி, காங்கயம் தாண்டி முப்பது கிலோமீட்டர் போய் நின்னா, வேப்பமரத்துக் கொம்புல ஒண்ணுமே இருக்காது. "இப்பத்தான் சாமி, கால் மணி நேரம் இருக்கும், ஒட்டுக்கா கெளம்பி மேக்கால போயிருச்சு"ம்பாங்க. ஒரு சொம்பு மோர் குடுப்பாங்க. அது நல்ல நாள்.

ஏழெட்டு வருசமா இந்த வேலை பாத்ததுல சொல்றேன், கூட்டம் புடிக்கறது பத்து நிமிச சோலி. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கறதுதான் வேலை, அதுக்கு யாரும் தேங்க்ஸ் சொல்ல மாட்டாங்க, பெட்ரோலுக்கும் குடுக்க மாட்டாங்க. புதுசா எறங்கறவங்க நான் வாங்குன அடிய திரும்ப வாங்க வேண்டாமேன்னுதான் இத எழுதறேன்.

போன் வந்த உடனே கெளம்பாதீங்க. மொதல்ல வாட்சப்ல ஒரு போட்டோ கேளுங்க, கிட்டப் போக வேண்டாம், தூரத்துல நின்னு ஜூம் பண்ணி எடுத்தாப் போதும். ஏன்னா நம்ம ஊர்ல பறக்கறதெல்லாம் ஈதான். தேனடை ஒண்ணுமில்லாம வெறும் ஈயா ஒண்ணு மேல ஒண்ணு தொத்திக்கிட்டு பலாக்காய் மாதிரி தொங்குனா அது பழைய கூட்டுல இருந்து ராணியோட பிரிஞ்சு வந்த கூட்டம், அனேகமா பொட்டில வளக்கற நம்ம அடுக்குத் தேனீ, அதுதான் நமக்கு வேணும். தண்ணி டேங்குக்கு அடியிலயோ பெரிய மரத்து உச்சியிலயோ முறம் மாதிரி ஒரே அடையா தொங்குச்சுன்னா அது மலைத்தேனீ, அதுக்கு நீங்களும் நானும் ஆகாது, தொரத்துனா வெகுதூரம் தொரத்தும், கல்லு கில்லு விட வேண்டாம்னு சொல்லிட்டு தீயணைப்பு நிலையத்துக்கு போன் போடச் சொல்லுங்க. வேலிக் கொம்புல உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு அடைன்னா கொம்புத்தேன், அத பொட்டில வளக்க முடியாது, விட்டுருங்க. சொவத்து ஓட்டைல மெழுகுக் குழா நீட்டிக்கிட்டு கொசு சைசுல போய்ட்டு வந்தா கொசுத்தேனீ, அதுக்கு கொட்டவே தெரியாது, எதுக்கு பயப்படறீங்கன்னு கேட்டு அப்பிடியே இருக்க விடச் சொல்லுங்க. காகிதத்துல பானை செஞ்ச மாதிரி மண்ணு கலர்ல உருண்டையா இருந்தா அது கதண்டு. அதயும் "ஈதானுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. நான் ஒருதடவ போட்டோ கேக்காம போயி, டார்ச்ச அடிச்சுப் பாத்துட்டு, பொட்டிய அங்கியே போட்டுட்டு இட்டேரில ஓடுனேன். பொட்டிய மூணு நாள் கழிச்சுத்தான் போய் எடுத்தேன்.

அடுத்தது, எப்ப வந்து ஒக்காந்துச்சுன்னு கேளுங்க. கூட்டம் கொம்புல ஒக்காந்திருக்கறது தங்கறதுக்கு இல்ல. வேவு பாக்கற ஈங்க நாலா பக்கமும் போய் பொந்து தேடிட்டு வந்து கூட்டத்து மேலயே ஆடி ஆடி எடம் சொல்லும், அதுக எல்லாம் ஒரே எடத்துக்கு ஒத்துக்கிட்டா கெளம்பிரும். சில சமயம் ஒரு மணி நேரம், சில சமயம் ரெண்டு நாள். காலைல வந்தது மத்தியானம் இருக்கும்னு எந்த நிச்சயமும் இல்ல. ஆனா பொழுதோட வந்து ஒக்காந்ததுன்னா விடியறவரைக்கும் எங்கயும் போகாது, நிம்மதியா சாப்ட்டுட்டே போகலாம்.

கடைசியா ஒண்ணு, இது ரொம்ப முக்கியம்: யாராச்சும் மருந்து அடிச்சீங்களா, பொகை போட்டீங்களா, கல்லு விட்டீங்களா? இத நேராக் கேட்டா "அதெல்லாம் இல்லீங்க"ம்பாங்க. "கரப்பான் மருந்து சித்தெ அடிச்சிருந்தாலும் பரவால்லீங்க, சொல்லிருங்க, அதுக்கு வேற மாதிரி பொட்டி கொண்டாறணும்"னு கேளுங்க, உண்மை வந்துரும். வேற மாதிரி பொட்டின்னு ஒண்ணும் கெடையாது. ஒரு வீட்ல இப்பிடி மறைச்சுட்டாங்க, நானும் பெரிய கூட்டமா இருக்கேன்னு ஆசையா புடிச்சுட்டு வந்தேன், காலைல பொட்டிய தொறந்தா அடில ரெண்டு கை ஈ செத்துக் கெடக்குது, நாக்க நீட்டிக்கிட்டு. ஈ நாக்க நீட்டிக்கிட்டு செத்தா அனேகமா மருந்துதான். இப்பெல்லாம் மருந்து அடிச்ச எடத்துக்கு நான் போறதில்ல.

சாமான்னு பாத்தா பெருசா ஒண்ணுமில்ல. ஒரு நியூட்டன் பொட்டி, 1910கள்ல திருச்சில இருந்த நியூட்டன்னு ஒரு பாதிரியார் நம்ம நாட்டு ஈ அளவுக்கு செஞ்சது, இன்னைக்கும் அதான் ஓடுது. அதுல ஒரு மரச்சட்டத்துலயாவது பழைய அடை இருக்கோணும், அந்த மெழுகு வாசத்துக்கே பாதி ஈ உள்ள போயிரும். ஒரு வெள்ளை வேட்டி, தண்ணி ஸ்ப்ரே பாட்டிலு, கோழி றெக்கை ஒண்ணு, கத்தி, வாழைநார், முகவலை, தேங்கா மட்டை நாரு போட்ட புகைப்பான், சைக்கிள் டியூப் ரெண்டு. கருப்புச் சட்டை, கம்பளி மாதிரி மொசுமொசுன்னு இருக்கற துணி வேண்டாம், வெளுத்த காட்டன் முழுக்கை சட்டை போதும். சென்ட் அடிச்சுட்டு போகாதீங்க.

கொம்புல தொங்கற கூட்டத்த எடுக்கறது எப்பிடின்னா, வந்தவுடனே கைய வைக்காம ஒரு அஞ்சு நிமிசம் நின்னு பாருங்க. பிரிஞ்சு வந்த கூட்டம் வயித்துல தேன ரொப்பிக்கிட்டு வந்திருக்கும், காப்பாத்தறதுக்கு புழுவும் கெடையாது தேனும் கெடையாது, அதனால சாதுவா இருக்கும். தண்ணிய மழைத்தூத்தல் மாதிரி லேசா ஸ்ப்ரே பண்ணுங்க, ஈ றெக்கைய மடக்கி நெருக்கமா ஒட்டிக்கும். பொட்டிய தொறந்து கூட்டத்துக்கு அடில முட்டற மாதிரி புடிச்சுட்டு கொம்ப ஒரே ஒரு ஒதறு. மெதுவா மெதுவா நாலு ஒதறு ஒதறுனா நாலு தடவயும் கோவந்தான் வரும். பொத்துனு விழுந்தவுடனே மேல மூடிய சாச்சு வெச்சு, வேட்டிய விரிச்சு அதுமேல பொட்டிய வெச்சுட்டு தள்ளி நில்லுங்க.

இப்ப வாசல்ல பாருங்க. ஈங்க தலைய உள்பக்கம் வெச்சு, பின்பக்கத்த தூக்கிக்கிட்டு றெக்கைய விசிறுச்சுன்னா ராணி உள்ள இருக்குது, வெளிய இருக்கறதுகள வாசம் காட்டிக் கூப்புடுதுன்னு அர்த்தம். அத விட்டுட்டு எல்லாம் மறுபடி கொம்புக்கே போச்சுன்னா ராணி அங்கதான் இருக்குது, திரும்ப மொதல்ல இருந்து. அவசரப்பட்டு மூடி எடுத்துட்டு வந்துராதீங்க, எடம் தேடப் போன ஈங்க பொழுது எறங்குனாத்தான் திரும்பும், அதுக இல்லாம எடுத்துட்டுப் போனா மறுநா காலைல அந்தக் கொம்புல ஒரு கைப்புடி ஈ சுத்திக்கிட்டே இருக்கும், மறுபடி உங்களுக்குத்தான் போன் வரும், "நீங்க சரியா புடிக்கலைங்க"ன்னு.

என்ற பெரிய அடி முருங்கை மரத்துல. மூலனூர் பக்கம் ஒரு தோட்டம், ஒம்போது அடி ஒசரத்துல கூட்டம், ஏணி இல்ல, கொம்பு தடிமனாத்தான இருக்குதுன்னு கால வெச்சேன். முருங்கைன்னா முறியும்னு எங்கப்பத்தா சின்னதுல இருந்து சொன்னதுதான், அன்னைக்கின்னு பாத்து ஞாபகம் வரல. கொம்பு, கூட்டம், நானு மூணும் ஒண்ணா கீழ வந்தோம், அதுல கூட்டம் என்ற கழுத்து மேல வந்துச்சு. முகவலை ஏணி இல்லாத கடுப்புல வண்டியிலயே கெடந்துச்சு. தோட்டத்துக்காரர் ஓடி வந்தாரு, தூக்கி விடத்தான் வர்றாருன்னு பாத்தா, "காய் இருந்த கொம்புங்களே தம்பி"ன்னாரு.

கொட்டு வாங்குனா தேய்க்காதீங்க, கொடுக்க நகத்தால சீக்கிரமா வழிச்சு எடுத்துருங்க, எப்பிடி எடுக்கறோம்ங்கறத விட எவ்வளவு சீக்கிரம் எடுக்கறோம்ங்கறதுதான் கணக்கு. கொட்டுன எடத்துல இருந்து கனிஞ்ச வாழப்பழம் மாதிரி ஒரு வாசம் வரும், அது மத்த ஈக்கு "இங்க கொட்டு"ன்னு குடுக்கற சிக்னலு, அதனால அந்த எடத்துல தண்ணி ஊத்திக் கழுவிட்டு பத்தடி தள்ளிப் போயிருங்க. கொட்டுன எடம் வீங்கறது சகஜம். ஆனா கொட்டாத எடத்துல தடிப்பு, ஒதடு நாக்கு வீங்கறது, மூச்சு திணறுறது, தல சுத்தறதுன்னு வந்தா மஞ்சள், சுண்ணாம்புன்னு நிக்காம உடனே 108 கூப்புடுங்க. வேடிக்க பாக்க நிக்கற யாருக்கோ அலர்ஜி இருக்கும், அது அவிங்களுக்கே தெரியாது, அதனால கூட்டத்தப் புடிக்கறதுக்கு முன்னாடி ஆளுங்களக் கெளப்புங்க. செல்போன்ல வீடியோ எடுக்கறவனத்தான் மொதல்ல கெளப்போணும்.

பொந்துல, சொவத்துல, மோட்டார் ரூம் ஸ்டார்ட்டர் பொட்டில குடியேறி அடை கட்டிட்டதுன்னா அது வேற கத. அதுக்கு வீடு வாசல் புள்ளகுட்டி எல்லாம் இருக்குது, சும்மா விடாது. ஸ்டார்ட்டர் பொட்டின்னா மெயின ஆஃப் பண்ணுங்க, தோட்டத்துக்காரர் "ஆஃப் பண்ணிட்டேனுங்க"ன்னு சொன்னாலும் நீங்க ஒருதடவ டெஸ்டர் வெச்சுப் பாருங்க. டிரான்ஸ்பார்மர்ல, கம்பத்துல இருந்தா தொடவே தொடாதீங்க, அது ஈபிகாரங்க வேலை. கிணத்துச் சொவத்துப் பொந்துன்னா நான் போறதில்ல, கயித்துல தொங்கும்போது கொட்டுனா ரெண்டு கையும் எங்க இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

எடுக்கறப்ப லேசா பொகை குடுத்து, ஒவ்வொரு அடையா அறுங்க. புழு அடைய மட்டும் சட்டத்துக்கு அளவா வெட்டி வாழைநாரு போட்டு கட்டுங்க, மேல் பக்கம் மேலதான் இருக்கோணும், தலகீழா கட்டிராதீங்க. தேன் அடைய சட்டத்துல கட்டாதீங்க, கனத்துல அறுந்து விழுந்து ஈயெல்லாம் தேன்ல ஊறிச் சாகும், எறும்பும் ஊரயே கூட்டிட்டு வந்துரும், அத ஒரு போசில தனியா போடுங்க. புழுவுகள கொஞ்சம் நின்னு பாருங்க. முத்து மாதிரி வெள்ளையா சுருண்டு இருந்தா சரி, தலைய மேல தூக்கிக்கிட்டு பைக்குள்ள தண்ணி நின்ன மாதிரி செத்துக் கெடந்தா அது தாய் சாக்புரூட் வைரஸ், தாய்லாந்து பேர்ல சொல்ற புழு நோய், 1991, 92 வாக்குல தென்னாட்டுல பொட்டி பொட்டியா காலி பண்ணுனது இதுதான். அந்தக் கூட்டத்த உங்க மத்த பொட்டிக பக்கத்துல கொண்டு போய் வைக்காதீங்க, கத்தி, கைய நல்லா கழுவிட்டுத்தான் அடுத்த பொட்டியத் தொடோணும். எல்லாம் முடிஞ்சதும் ஓட்டைய சிமெண்டு வெச்சு அடைக்கச் சொல்லுங்க. அடைக்க மாட்டாங்க, அடுத்த வருசம் அதே ஓட்டைக்கு அதே போன் வரும்.

கொண்டு வர்றது ராத்திரிதான். வாசல் முழுசா அடைக்காதீங்க, காத்துப் போற கொசுவலை வெச்சு அடைங்க. மொத வருசம் நான் நல்லா டைட்டா இருக்கட்டும்னு சாக்கு துணிய வெச்சு அடைச்சு, மத்தியான வெயில்ல கொண்டு வந்தேன், தொறந்து பாத்தா அடை உருகி எறங்கி ஈயெல்லாம் தேன்ல குளிச்சு செத்துப்போச்சு. அந்த வாசம் ரெண்டு நாள் மூக்க விட்டுப் போகல. பொட்டிய மூடி, அறை, அடிப்பலகை மூணயும் சேத்து சைக்கிள் டியூப்ல இறுக்கிக் கட்டுங்க. டிவிஎஸ் எக்ஸெல்ல முன்னால வெச்சுட்டு வந்தா ஸ்பீட் பிரேக்கர்ல எறங்கித் தள்ளிட்டுப் போனாலும் தப்பில்ல, எனக்கு ஒரு டீக்கடை வாசல்ல மூடி தொறந்துக்கிச்சு, அந்தக் கடைல எனக்கு இன்னைக்கும் டீ கெடையாது. எடுத்த எடத்துல இருந்து ரெண்டு மூணு கிலோமீட்டராச்சும் தள்ளித்தான் வைக்கோணும், இல்லீன்னா மேயப் போன ஈ பழைய எடத்துக்கே போயிரும்.

இனித்தான் நெசமான வேலை. நம்ம அடுக்குத் தேனீ இத்தாலி ஈ மாதிரி இல்ல, ஒறம்பரையா வந்த மாப்பிள்ளை மாதிரி, எதாச்சும் ஒண்ணு புடிக்கலீன்னா எந்திரிச்சுப் போயிரும். எறும்பு வந்தா போகும், வெயில் அடிச்சா போகும், தீனி இல்லீன்னா போகும், நீங்க தெனமும் தொறந்து தொறந்து பாத்தாலும் போகும். ஸ்டாண்டு நாலு காலுக்கும் தேங்காத் தொட்டில தண்ணி ஊத்தி வைங்க, அதுல எல ஒண்ணு விழுந்து பாலம் ஆயிராம தெனமும் பாருங்க. மர நெழல்ல வைங்க, வாசல் கெழக்கால பாத்து இருக்கட்டும், பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற ஆடிக்காத்து மேக்கால இருந்து நேரா வாசல்ல அடிச்சா ஈ எறங்க முடியாது, மூடி மேல ஒரு கல்லும் வைங்க. மொத ராத்திரியே அஸ்கா சக்கரையும் தண்ணியும் சரிக்குச் சரி கலந்து உள்ள வைங்க. இயற்கை விவசாயம் பண்றவர் ஒருத்தர் வெள்ளச் சக்கரை விசம்னு சொல்லிட்டு நாட்டுச்சக்கரை கரைச்சு வெச்சாரு, அதுல ஈக்கு செரிக்காத சத்தெல்லாம் கெடக்கு, வயித்தால போய் பொட்டி முன்னால எல்லாம் மஞ்சமஞ்சளா கறை.

ராணி தடுப்பு வாசல்ல போடலாம், ராணி பெருசு, அதுல நொழைய முடியாது, ராணி போகலீன்னா கூட்டமும் போகாது. ஆனா நாலஞ்சு நாளைக்கு மேல வேண்டாம். ரெண்டாவதா பிரிஞ்சு வர்ற சின்னக் கூட்டத்துல ராணி இன்னும் சேராத கன்னி ராணியா இருக்கும், அது வெளிய பறந்து போய் ஆண் ஈயோட சேந்துட்டு வந்தாத்தான் முட்டை வெக்கும், நீங்க தடுப்பு போட்டு அடைச்சீங்கன்னா குடும்பமே வெளங்காது. நாலாம் நாள் வாசல்ல நின்னு பாருங்க, காலுல மஞ்சளா மகரந்தம் உருட்டிக்கிட்டு உள்ள போச்சுன்னா தங்கிருச்சு, தடுப்ப எடுத்துருங்க.

இனி விவசாயிகளுக்கு பொட்டி வெச்சுக் குடுக்கற சமாச்சாரம். எல்லாத் தோட்டத்துக்கும் ஈ ஒதவாது, அத மொதல்லயே சொல்லிருங்க. ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுல பொட்டி வெச்சா மகசூல் கூடுமான்னு கேட்டாங்க, கிழங்குக்கு எதுக்குங்க ஈ. வாழைக்கும் வேண்டாம், பூவுல தேன் குடிக்கும், தார் அதனால பெருசாகாது. தக்காளிக்கும் பெருசா இல்ல, அந்தப் பூவுல மகரந்தம் குழாய்க்குள்ள இருக்குது, கருவண்டு மாதிரி கிர்ர்ருனு அதிர வெச்சாத்தான் கொட்டும், நம்ம ஈக்கு அந்த வித்தை தெரியாது. பாகல், பூசணி, வெள்ளரி, தர்பூசணிக்கு அவசியம் வேணும், ஆண்பூ தனி பொண்பூ தனி, காலைல விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள வேலை முடியோணும். ஆனா அதே கொடி இனத்துல பீர்க்கு, சுரை, புடலை எல்லாம் பொழுது சாஞ்சு விரியற ஜாதி, அதுக்கு அந்துப்பூச்சிதான் மாப்பிள்ளை. பொள்ளாச்சித் தென்னந்தோப்பு, முருங்கைக்காடு, சூரியகாந்தி, வெதை வெங்காயம் இதெல்லாம் தாராளமா வைக்கலாம், தென்னைல வருசம் பூராவும் பாளை வெடிக்கறதால ஈக்கும் பட்டினி கெடையாது.

பொட்டி வெக்கறதுக்கு முன்னாடி மருந்து பத்தி பேசி முடிச்சுருங்க. பூ விரிஞ்சிருக்கற நேரத்துல அடிக்கக் கூடாது, அடிச்சே ஆகோணும்னா பொழுதோட ஈ அடைஞ்சதுக்கப்பறம், அதும் மொத நாளே எனக்கு போன் பண்ணிட்டு. "கண்டிப்பா பண்றனுங்க"ம்பாங்க. தோட்டத்துக்காரர் நல்லவராத்தான் இருப்பாரு, ஆனா மருந்து அடிக்கறது குத்தகைக்காரர் கூட்டிட்டு வந்த ஆளு, அவருக்கு உங்க பொட்டி இருக்கறதே தெரியாது. அதனால மருந்து அடிக்கற ஆளோட நம்பர வாங்கிக்கங்க, பொட்டி மேல பெருசா செவப்பு பெயிண்டுல "மருந்து அடிக்கும் முன் கூப்பிடவும்"னு நம்பரோட எழுதுங்க. நான் எழுதாம விட்ட ஒரு காய்கறிப் பந்தல்ல நாலு பொட்டி போச்சு. "மருந்து பூவுக்குத்தானுங்க அடிச்சோம், பொட்டிக்கு அடிக்கலியே"ன்னு அந்தத் தோட்டத்தம்மா சொன்னாங்க, அதுக்கு என்னன்னு சண்டை போடறது.

கவுந்தப்பாடி பக்கம் சக்கரை காய்ச்சற கொட்டாய்ல இருந்து கூப்புடுவாங்க, கொப்பரைய சுத்தி ஈயா மொய்க்குது, புடிச்சுட்டுப் போங்கன்னு. அது கூட்டம் இல்லீங்க, எங்கெங்க இருந்தோ தீனிக்கு வந்த ஈ, ராணி அங்க இல்ல, பொட்டிய வெச்சா ஒண்ணுகூட தங்காது. சாயங்காலமாக் காய்ச்சுங்க, பாகு ஆறுற எடத்துல வலை கட்டுங்கன்னு சொல்லத்தான் முடியும். பழனி பஞ்சாமிர்தத்துக்கே அந்த ஊர்ச் சக்கரைதான் போகுது, ஈ மட்டும் எப்பிடி சும்மா இருக்கும்.

பணம் கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க. போன்லயே வண்டிச் செலவு இவ்வளவுன்னு சொல்லிருங்க, சொன்னாத்தான் பாதிப்பேரு "அப்பிடீங்களா, பாத்துட்டு சொல்றனுங்க"ன்னு வெச்சுருவாங்க, அந்தப் பாதிப்பேருதான் மருந்தும் அடிச்சிருப்பாங்க. தேன் கெடைக்காதுங்கறதயும் போன்லயே சொல்லிருங்க. நான் இதச் சொல்லாம போன ஒரு வீட்ல, கொம்புல இருந்த கூட்டத்த எடுத்து பொட்டிய கட்டிட்டு கெளம்பறப்ப அப்புச்சி ஒருத்தர் பெரிய சில்வர் தூக்குபோசியோட வண்டி முன்னால வந்து நின்னாரு. பிரிஞ்சு வந்த கூட்டத்துல அடையே இல்லீங்க அப்புச்சி, தேன் வயித்துக்குள்ளதான் இருக்குதுன்னேன். பொட்டிய ஒருதடவ பாத்தாரு, என்ன ஒருதடவ பாத்தாரு. "செரி, புழிஞ்சு குடு"ன்னாரு.